மெட்டும் கட்டையும்: நாட்டார் பாடல் வழியே சிறுவர் இசைக்கல்வி

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் பிரம்மதேசம். அவ்வூரைக் கடந்து கடலை நெருங்க நெருங்க நன்செய் குறைந்து உவர்நிலம் மிகுகின்றது. ஒருபுறம் கழுவேலியின் நீர்ப்பரப்பு. மறுபுறம் பாத்தி பாத்தியாக வெயிலில் விளையும் மரக்காணத்து உப்பு. இந்நிலம் பழந்தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனைப் பாடுவது. அதனை இயற்றிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரினர். இடைக்கழிநாடு மரக்காணத்திற்கு வடக்கே கடலோரமாக உள்ளது. சீறியாழ் ஏந்திய பாணனை அவர் ஆற்றுப்படுத்தும் வழியில் எயிற்பட்டினம் வருகின்றது, கிடங்கிலும் பேசப்படுகின்றது. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தை ஒட்டிய பகுதி என்றும் அறிஞர் கருதுவர். இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் பிரம்மதேசத்துச் சுற்றுப்புறம், இசையையே பிழைப்பாகக் கொண்ட பாணர் குடி நடந்து சென்ற வழி எனக் கொள்வதில் தவறில்லை.

அதே நூலில் கொற்கையைப் பாடும் பகுதியில் சிறியதொரு காட்சி உண்டு. உப்பு வணிகரின் வண்டிகளோடு வந்த மந்தி, சிப்பியின் வயிற்றுள் முத்துகளை இட்டு மூடி, உமணப் பெண்டிர் பெற்ற பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகின்றது. உப்புக் குடியின் குழந்தைக்கு முத்தும் சிப்பியுமே இசைக்கருவி ஆயின. குழந்தையின் இசைக்கல்வி எங்கே தொடங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை. கைக்கு எட்டிய பொருளிலும் காதுக்குப் பழகிய ஒலியிலுமே அது தொடங்குகின்றது. இவ்வுண்மை பியானோ போன்ற அயல்நாட்டுக் கருவிக்கும் பொருந்துமா? நாட்டார் பாடல் வழியே சிறுவர்க்கு இசையும் பியானோவும் கற்பிக்க முடியுமா? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடைகளைத் தொகுத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பிரெஞ்சு மெட்டின் பயணம்

இன்று சிறு நகரங்களிலும், அவற்றை அடுத்த ஊர்களிலும் 'கீபோர்டு' என்னும் மின் இசைப்பலகை வந்துவிட்டது. பியானோவின் கட்டை வரிசையைக் கொண்டு, பியானோவின் விலையில் சிறு பங்குக்கே கிடைப்பதால், நடுத்தரக் குடும்பத்தின் பிள்ளைகளுக்கும் அது எட்டுகின்றது. அதன்முன் அமரும் தமிழ்ச் சிறுவன் முதலில் வாசிக்கக் கற்பது பெரும்பாலும் 'டிவிங்கிள் டிவிங்கிள்' என்னும் ஆங்கில விண்மீன் பாட்டின் மெட்டு.

அம்மெட்டின் வரலாறு சிந்திக்கத்தக்கது. அதன் ஆங்கிலச் சொற்களை ஜேன் டெய்லர் என்னும் பெண்மணி எழுதி, அவை 1806-ஆம் ஆண்டில் வெளிவந்தன. மெட்டோ அவருடையதன்று, ஆங்கில நாட்டுடையதும் அன்று. அது பிரான்சு நாட்டில் மக்களிடையே வழங்கிய மெட்டு. 1761-இல் அச்சிலும் ஏறிவிட்டது. மொசார்ட் 1780-களின் தொடக்கத்தில் அதனை எடுத்துப் பன்னிரண்டு வகையாக விரித்துப் பியானோவுக்கு அமைத்தார். இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானிய ஆசிரியர் ஷினிச்சி சுசுகி, சிறுவர்க்கு வயலின் கற்பிக்கத் தாம் வகுத்த முறையின் முதற்பாடமாகவும் அதனையே வைத்தார். தாய்மொழியைக் குழந்தை எவ்வாறு கேட்டுக் கேட்டுப் பழகுகின்றதோ அவ்வாறே இசையையும் பழகவேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆகவே, 'பியானோவின் அரிச்சுவடி' என்று நாம் எண்ணிக் கொண்டிருப்பது உண்மையில் ஐரோப்பியரின் நாட்டார் மெட்டே. அவர்கள் தம் வீட்டில் ஒலித்த பாட்டைக் கருவியில் ஏற்றித் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். தமிழகத்திற்குக் கருவி வந்தபோது அந்தப் பாட்டும் உடன் வந்தது. கருவியை ஏற்றதில் குற்றமில்லை. அந்நாட்டார் தம் கருவியை எவ்வழியால் தம் பிள்ளைகளுக்கு உரிமையாக்கினர் என்பதை நாம் கவனிக்கத் தவறினோம், அதுவே குறை.

அங்கேரி நாட்டார் காட்டிய வழி

இவ்வழியை ஒரு கல்வி நெறியாகவே வளர்த்தெடுத்தவர்கள் அங்கேரியின் இசை அறிஞர்களாகிய பேலா பார்தோக், சோல்தான் கோடாய் ஆகிய இருவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கேரி, ஆஸ்திரியப் பேரரசரின் ஆட்சியில் இருந்தது. தலைநகரின் இசைப்பள்ளிகளில் செருமானிய மரபே கோலோச்சியது. உழவர் பாடல்கள் இசை என்றே மதிக்கப்படவில்லை. 1904-இல் ஓர் இளம் பணிப்பெண் குழந்தைகளுக்குப் பாடிக்கொண்டிருந்த பாட்டைப் பார்தோக் கேட்க நேர்ந்தது. நகரத்தார் 'நாட்டுப்பாடல்' என்று கொண்டாடியவற்றினின்று அது முற்றிலும் வேறாக இருந்தது. அடுத்த ஆண்டில் கோடாயின் நட்பு வாய்த்தது. 1906-இல் இருவரும் இருபது பாடல்களைப் பியானோ இசையுடன் நூலாக வெளியிட்டனர். எடிசனின் ஒலிப்பதிவுப் பொறியையும் மெழுகு உருளைகளையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று பாடல்களைப் பதிவு செய்தனர்.

பார்தோக் இத்தொகுப்பைப் பேழையில் பூட்டி வைக்கவில்லை. 1908, 1909 ஆகிய ஆண்டுகளில் அங்கேரிய, சுலோவாக்கிய நாட்டார் மெட்டுகளைக் கொண்டு 'சிறுவர்க்காக' என்னும் பொருள்படும் தலைப்பில் 85 சிறு பியானோ உருப்படிகளை அமைத்தார். சிறு விரல்கள் எட்டாத இடைவெளிகள் அவற்றில் தவிர்க்கப்பட்டன. பின்னர் 1926 முதல் 1939 வரை 153 உருப்படிகள் கொண்ட 'மைக்ரோகாஸ்மாஸ்' என்னும் பயிற்சித் தொகுதியை ஆறு பகுதிகளாக இயற்றினார். அதன் முதலிரு பகுதிகளைத் தம் இளைய மகனுக்கு உரிமையாக்கினார். தொடக்கப் பாடங்களில் கை இடம் பெயர்வதில்லை. ஐந்து விரல்களின்கீழ் ஐந்து சுரங்கள் அமைகின்றன. இரு கைகளும் ஒரே மெட்டை வாசிக்கின்றன. நாட்டார் பாடல்களின் குறுகிய சுர எல்லையே இவ்வெளிமைக்குத் துணை நின்றது.

கோடாய் பள்ளிக்கூடத்தை நோக்கித் திரும்பினார். குழந்தை முதலில் பாடவேண்டும். கருவி அதன் பின்னரே வரவேண்டும் என்பது அவர் துணிபு. தாய்நாட்டு மக்கள் பாடல்களே முதற்பாடம். ஆங்கில நாட்டு ஜான் கர்வன் பரப்பிய கைக்குறி முறையைத் தழுவி, ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரு கைச்சைகை கையாளப்பட்டது. 1950-இல் அவர் பிறந்த ஊராகிய கெச்கெமேட்டில், நாள்தோறும் பாட்டுப் பாடம் நடக்கும் தொடக்கப்பள்ளி நிறுவப்பட்டது. அதனைப் பின்பற்றி நாடெங்கும் பள்ளிகள் எழுந்தன. நாட்டார் இசையைப் பேணும் சிறந்த நடைமுறைகளுள் ஒன்றாக 2016-இல் யுனெஸ்கோ கோடாயின் நெறியைப் பட்டியலில் சேர்த்தது.

அந்நெறியில் சுரங்களின் பெயர் ஆதார சுருதியை ஒட்டி இடம் மாறும். எந்த ஒலியில் தொடங்கினாலும் அதுவே முதற்சுரம். நம் நாட்டில் சட்சம் எந்நாளும் அப்படித்தான் இருந்து வந்துள்ளது. ஐரோப்பியச் சிறுவர்க்குக் கோடாய் முயன்று புகட்டிய ஒன்று, சட்சம் பிடித்துப் பாடும் எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் இயல்பாகவே வாய்த்திருப்பது.

தமிழகத்தின் பழைய பாடத்திட்டம்

நாட்டார் ஆடல்பாடலைக் கொண்டே சுரம் கற்பிக்கும் முறைக்குத் தமிழிலும் சான்று உண்டு. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில், இடைக்குல மூதாட்டி மாதரி ஏழு மகளிரை நிறுத்தி, அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயரை இடுகின்றாள். வட்டமாக நின்று கைகோத்து ஆடும் அம்மகளிரே ஏழிசையின் உருவங்கள் ஆகின்றனர். குரலுக்கும் இளிக்கும் உள்ள தொலைவை ஏட்டில் படிக்க வேண்டுவதில்லை; எதிரே நிற்கும் தோழியைக் கண்டால் போதும். இளங்கோவடிகள் இதனைப் பாடமாக எழுதினாரல்லர், கூத்தாகவே எழுதினார். எனினும் இதனை ஊன்றி நோக்குவார்க்கு, ஆயர்பாடியின் விளையாட்டில் பொதிந்த இசை இலக்கணம் புலனாகும்.

பிற்காலத்தில் இசைக்கல்வி வேறு வழியில் சென்றது. புரந்தரதாசர் (1484–1564) வகுத்ததாகக் கூறப்படும் சரளிவரிசை, சண்டவரிசை, அலங்காரம், கீதம் என்னும் படிமுறை, மாயாமாளவகௌளை இராகத்தில் தொடங்குகின்றது. அது திட்பமான முறை. நானூறு ஆண்டுகட்கு மேலாக எண்ணற்ற கலைஞர்களை உருவாக்கியுள்ளது. ஆயினும், தெருவில் விளையாடும் பிள்ளை அறிந்த பாட்டுக்கும் குருவின்முன் அமர்ந்து பாடும் முதற்பாடத்துக்கும் இடையே தொடர்பேதும் இல்லை. தெருப்பாட்டை வாசலில் விட்டுவிட்டே அப்பிள்ளை உள்ளே நுழைய வேண்டியிருந்தது.

இதற்கு இடையில் வியப்பான விதிவிலக்கு ஒன்று நேர்ந்தது. முத்துசுவாமி தீட்சிதர் தம் இளமையில் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்தபோது, ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய இசையைக் கேட்டார். அம்மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல்கள் புனைந்தார். 'நோட்டுசுர சாகித்தியம்' எனப்படும் இவை ஏறத்தாழ நாற்பது. ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்று. கமகம் இன்றி, நேர்சுரங்களாக, சங்கராபரண வழியில் அமைந்த இவை இன்றும் சிறுவர்க்குக் கற்பிக்கப்படுகின்றன. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றுத் தென்னக இசைக்கு உரியதாக்கினார். அயல் மெட்டையும் அயல் கருவியையும் அக்குடும்பம் அச்சமின்றி ஏற்றது. ஆனால் எளிய மெட்டு வேண்டும் என்றபோது கோட்டைப் பேண்டின் ஒலி செவிக்கு எட்டியதுபோல, ஊரின் கும்மி ஒலி பாடமாக எட்டவில்லை.

பியானோ மரபின் எழுத்துமுறையும் தமிழகத்திற்கு முன்பே அறிமுகமானதுதான். சென்னையில் சின்னசாமி முதலியார், 1892-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்னக இசை உருப்படிகளை ஐரோப்பியரின் ஐந்துகோட்டுச் சுரக்குறியில் அச்சிடும் பெரும்பணியைத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்டவை கீர்த்தனைகள். நாட்டார் பாடலுக்கு அத்தகைய சுரக்குறித் தொண்டர் அக்காலத்தில் வாய்க்கவில்லை.

ஆர்மோனியக் கட்டை

பியானோ தமிழகத்துச் சிற்றூர்களுக்கு வரவில்லை; அதன் தம்பி வந்தது. பாரிசு நகரில் 1840-களில் உருவான ஆர்மோனியம், 1875-ஆம் ஆண்டளவில் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ் கையால் தரையில் அமர்ந்து வாசிக்கும் பெட்டியாக மாறியது. நாடகக் கொட்டகைக்கும் தேவாலயத்துக்கும் பசனை மடத்துக்கும் வந்த அப்பெட்டி, தென்னார்க்காட்டுப் பகுதியின் தெருக்கூத்து மேடைக்கும் வந்து சேர்ந்தது. மத்தளம், தாளம், முகவீணை ஆகியவற்றோடு ஆர்மோனியமும் ஒலிக்க, விடிய விடியக் கூத்துப் பார்த்த சிறுவர்கள் கட்டை வரிசையின் ஒலிக்கு அறியாமலே செவி பழகினர்.

நாட்டார் மெட்டும் கட்டைக் கருவியும் சிறுவர் கல்வியில் ஒன்றாகச் சேர்ந்த தமிழ் எடுத்துக்காட்டு, பாலர் நாடக சபைகள். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922), 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி. கே. சண்முகம் ஆறு வயதுச் சிறுவனாக அதில் சேர்ந்தார். சுவாமிகளின் நாடகங்களில் கீர்த்தனைகளோடு சிந்தும் கும்மியும் பிற மக்கள் மெட்டுகளும் கலந்திருந்தன. இசை இலக்கணம் அறியாத சிறுவர்கள், மெட்டைச் செவியால் வாங்கி, ஆர்மோனியச் சுருதியில் நிறுத்தி, மேடையில் பாடினர். அப்பிள்ளைகளின் வாழ்வு கடுமையானது. வீட்டைப் பிரிந்து ஊர் ஊராக அலைந்தனர். அதனை இலட்சியமாகக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும் பழகிய மெட்டில் தொடங்கினால் ஆறு வயதுப் பிள்ளையும் சுருதி தவறாது பாடும் என்பதற்கு அது கண்கூடான சான்று. சுவாமிகள் 1922 நவம்பரில் புதுச்சேரியில் மறைந்தார். பிரம்மதேசத்திற்குத் தெற்கே உள்ள அந்நகரில் அவர் நினைவிடம் உள்ளது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியும் அவர் பெயர் தாங்கியுள்ளது.

கட்டை வரிசை தமிழரின் இசைப்பேச்சிலேயே கலந்துவிட்டது. பாடகரின் சுருதியை 'ஒரு கட்டை', 'ஐந்து கட்டை' என்று அளக்கின்றோமே, அவ்வளவு ஆர்மோனியம் தந்தது. வெள்ளைக் கட்டைகள் ஒன்று முதல் ஏழு. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. பியானோவுக்கும் இதே வரிசைதான்.

இக்கருவிக்கு எதிர்ப்பும் எழுந்தது. ஆர்மோனியத்தின் சுரங்கள் நிலைத்தவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல இயலாது. சமமாகப் பகுத்த பன்னிரண்டு நிலைகளில் நுண்சுருதிகள் மறைந்துவிடும் என்றனர். இரவீந்திரநாத் தாகூரும் அதனை விரும்பவில்லை. 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. அத்தடை 1971 வரை நீடித்தது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. பியானோவுக்கும் அது பொருந்தும். வயலின் தென்னகத்தில் வேரூன்றியதற்கும் பியானோ வேரூன்றாமைக்கும் இதுவே முதற்காரணம். ஆகவே, எல்லா நாட்டார் பாடலையும் கட்டையில் ஏற்றலாம் எனக் கூறுவது பேதைமை. எதை ஏற்றலாம், எதை ஏற்றலாகாது என்று பகுத்தறிய வேண்டும்.

எப்பாடல் கட்டைக்கு உரியது?

நாட்டார் பாடல்களை இந்நோக்கில் இருவகையாகப் பிரிக்கலாம். தாலாட்டும் ஒப்பாரியும் முதல்வகை. அவை நீட்டியும் இழைத்தும் பாடப்படுபவை. நீலாம்பரி, ஆனந்தபைரவி, புன்னாகவராளி போன்ற இராகங்களின் சாயல் அவற்றில் உண்டு. அவற்றின் உயிர், சுரங்களுக்கு இடையே உள்ள வழுக்கலில் இருக்கின்றது. அவற்றைக் கட்டையில் தட்டினால் எலும்பு மிஞ்சும், உயிர் போய்விடும். அவை குரலால் மட்டுமே கற்பிக்கத் தக்கவை.

கும்மி, கோலாட்டம், சிறுவர் விளையாட்டுப் பாடல்கள், ஏற்றப்பாட்டு, படகு வலிப்போரின் ஏலேலப் பாட்டு ஆகியன இரண்டாம் வகை. இவற்றில் ஓரசைக்கு ஒரு சுரம் என்பதே பெருவழக்கு. கையும் காலும் உடலும் தாளத்திற்கு இயங்குவதால் சுரம் நெடுநேரம் இழைவதற்கு இடமில்லை. மூன்று முதல் ஐந்து சுரங்களில் மெட்டு முடிந்துவிடும். அதாவது, பிள்ளையின் ஐந்து விரல்களுக்குள் முழுப்பாட்டும் அடங்கிவிடும். பார்தோக் தம் மாணவர்க்குத் தேடித் தேடி அமைத்த எளிமை, நம் கும்மியில் தானாகவே அமைந்திருக்கின்றது.

கறுப்புக் கட்டைகள் இதற்கு அரியதொரு வாய்ப்பைத் தருகின்றன. நாலரைக் கட்டையைச் சட்சமாகக் கொண்டு ஐந்து கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் மோகனம் பிறக்கின்றது. அதே ஐந்து கட்டைகளை ஐந்தரையில் தொடங்கினால் மத்தியமாவதி. ஆறரையில் தொடங்கினால் இந்தோளம். ஒன்றரையில் தொடங்கினால் சுத்தசாவேரி. இரண்டரையில் தொடங்கினால் சுத்ததன்யாசி. குரலை இடம் மாற்றிப் புதுப்பண் தோற்றுவிக்கும் பழந்தமிழ் முறையைக் குழந்தை விளையாட்டாகவே கண்டுகொள்ள இயலும். கறுப்புக் கட்டையில் மட்டும் விளையாடும் பிள்ளை 'தவறான' கட்டையைத் தொட இடமே இல்லை. மோகனச் சாயலும் மத்தியமாவதிச் சாயலும் கொண்ட கும்மி மெட்டுகளும் விளையாட்டு மெட்டுகளும் இம்முறைக்கு நன்கு பொருந்துவன.

பாட முறையும் இதனின்று தெளிவாகின்றது. முதலில் பிள்ளை பாட்டை ஆடிப்பாட வேண்டும். கும்மியின் மும்மை நடையைக் கைதட்டலில் உணரவேண்டும். அடுத்து, அதே மெட்டைச் சொல் நீக்கிச் சுரப்பெயரால் பாடவேண்டும். மூன்றாவதாக, வலக்கையின் ஐந்து விரல்களால் அதனைக் கட்டையில் கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர் காட்டித்தருதல் இறுதித் துணையே. நான்காவதாக, இடக்கை சட்சத்தையும் பஞ்சமத்தையும் நாதசுரத்தின் ஒத்துப்போல நிறுத்தி ஒலிக்க வேண்டும். ஐரோப்பியரின் ஒத்திசை அமைப்புகள் அதன் பின்னரே வரலாம். சுரக்குறியைப் படிக்கக் கற்பதும் அப்போதுதான். தான் முன்பே அறிந்த பாட்டு தாளில் எவ்வாறு தோன்றுகின்றது என்று காணும் பிள்ளைக்கு எழுத்து அச்சமூட்டாது.

செவி முதலில், கட்டை பின்பு என்னும் இவ்வரிசை எத்தனை தொலைவு கொண்டு செல்லும் என்பதற்குத் தமிழகத்தில் பேரெடுத்துக்காட்டு இளையராஜா. 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்த அவர், தாயின் பாடல்களிலும் தமையன் பாவலர் வரதராசனின் மேடைப் பாடல்களிலும் செவி தோய்ந்தவர். சென்னைக்கு வந்த பின்னரே தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையைப் பயின்றார். 1976-இல் வெளிவந்த 'அன்னக்கிளி' அவ்விரண்டும் கூடிய முதற்கனி. 2025 மார்ச் 8 அன்று அவருடைய சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது. மேதைமை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆனால் வயற்காட்டு மெட்டில் தோய்ந்த செவி மேலை இசைக்குத் தடையாகாது என்பதை இவ்வொருவர் வாழ்வே நிலைநாட்டிவிட்டது.

சொல் எஞ்சியது, மெட்டு மறைகின்றது

இம்முறைக்கு வேண்டிய முதற்பொருள் மெட்டு. அதுதான் இன்று அருகி வருகின்றது. சார்லஸ் கோவர் 1871-இல் தென்னிந்திய நாட்டார் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கி. வா. சகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958-இலும், நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-இலும் வெளிவந்தன. இவர்களின் உழைப்புக்குத் தமிழுலகம் கடப்பாடுடையது. ஆயினும், பொதுவாக நம் தொகுப்புகள் பாடலின் சொல்லைக் காத்த அளவிற்கு மெட்டைக் காக்கவில்லை. சொல்லைப் படித்து ஆய்வேடு எழுதலாம். பிள்ளைக்குப் பாடிக் காட்ட முடியாது.

மெட்டு மறைவதற்குக் காரணம் தொழில் மாறியது. வயலுக்கு நன்னீர் இறைத்ததுபோல, உப்பளத்திற்கு உவர்நீர் இறைப்பதற்கும் ஒருகாலத்தில் ஏற்றம் பயன்பட்டது. ஏற்றப்பாட்டு, இறைத்த சாலை எண்ணும் கணக்கும் ஆகும்; ஒருவர் விட்ட அடியை மற்றவர் வாங்கிப் பாடும் பயிற்சியும் ஆகும். ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டில்லை என்பது பழமொழி. ஏற்றக்காரன் மாலையில் பாதியில் நிறுத்திய அடியின் மறுபாதியைக் கேட்கக் கம்பர் மறுநாள் காலைவரை காத்திருந்தார் என்று செவிவழிக் கதையும் உண்டு. இன்று அந்த வேலையை எந்திரம் செய்கின்றது. உடல் நோவு குறைந்தது நல்லதே. அதனை மீட்டுக் கொணர வேண்டும் என எவரும் கூறார். ஆனால் ஏற்றம் நின்றபோது, எண்ணும் தாளமும் மெட்டும் ஒருங்கே கற்பித்த வகுப்பறை ஒன்றும் கூடவே நின்றுவிட்டது.

மற்றொரு தடையும் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. இப்பாடல்கள் பெரும்பாலும் கூலி வேலை செய்த மக்களின் பாடல்கள். அவற்றைப் பாடியவர்களுள் பலர்க்கு அவை அடிமைப்பட்ட நாள்களின் நினைவு. தம் பிள்ளைகள் அவற்றைப் பாடாதிருப்பதே முன்னேற்றம் என்று அவர்கள் எண்ணினால் அவ்வெண்ணத்தைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் இழிவு அம்மக்களைத் தாழ்த்திய சமூகத்தினுடையது, மெட்டினுடையதன்று. 1990-களில் தமிழகமெங்கும் நடந்த அறிவொளி இயக்கம், மக்கள் மெட்டுகளில் புதுச்சொற்களை இட்டு எழுத்தறிவைப் பரப்பியது. பாடியவரும் கேட்டவரும் வெட்கப்படவில்லை, தலைநிமிர்ந்தனர். பார்தோக்கின் நாட்டிலும் உழவர் பாட்டு இழிவாகவே கருதப்பட்டது. பள்ளியில் பாடமாகி, பியானோவில் உருப்படியாகி ஒலித்தபோது அக்கருத்து மாறியது. பியானோ மதிப்பின் சின்னம் என்பது உண்மையானால், அம்மதிப்பு உப்பளத் தொழிலாளியின் பாட்டுக்கும் சிறிது கிட்டட்டும். பாதகமான சொற்கள் உள்ள பாடல்களைப் பிள்ளைகளுக்குத் தரவேண்டுவதில்லை. மெட்டை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றும் உரிமை நாட்டார் மரபில் என்றும் உண்டு.

அங்கேரியில் இருவர் மெழுகு உருளைகளைச் சுமந்து செய்த வேலையை, இன்று பிரம்மதேசத்துப் பள்ளிப் பிள்ளை ஒருத்தி வீட்டிலுள்ள கைபேசியால் செய்துவிட முடியும். உப்பு வாரிய பாட்டியும் நாற்று நட்ட பாட்டியும் வலை இழுத்த தாத்தாவும் பாடக் கேட்டு, பாடியவர் பெயரையும் ஊரையும் குறித்து, மெட்டோடு பதிந்து வைத்தால், அதுவே அவ்வட்டாரத்தின் முதல் இசைப் பாடநூல். ஊர்தோறும் உள்ள இலக்கிய அமைப்புகளும் ஆசிரியர்களும் இப்பணியை மேற்கொள்ளலாம். இசை அறிந்தவர்கள் அவற்றுள் கும்மியையும் விளையாட்டுப் பாடல்களையும் தேர்ந்து ஐந்து விரலுக்கு அமைத்துத் தரலாம். பாடுவோர் முதியோர், காலம் நீளமாக இல்லை. பிள்ளைகள் பிரெஞ்சு மெட்டையும் வாசிக்கட்டும்; அதுவும் ஒரு நாட்டு மக்களின் செல்வமே. ஆனால் அதனை அவர்கள் இரண்டாவது பாடமாகக் கற்கட்டும். முதற்பாடம் தம் பாட்டியின் குரலில் கேட்டதாக இருக்கட்டும்.